வலைப்பக்கத்தினின்று படமும் பாடமும் பிரித்தெடுத்தல்

ஓலையினின்று தாளுக்கும், தாளினின்று திரைக்கும் தமிழ் நூல்கள் இடம் பெயர்ந்துள்ளன. முதற் பெயர்ச்சியில் விளைந்த பாடச் சிக்கல்களைத் தமிழறிஞர் நன்கு அறிவர். இரண்டாம் பெயர்ச்சியிலும் அவற்றை ஒத்த சிக்கல்கள் உள என்பதையும், அவற்றை எதிர்கொள்ளும் முறையையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையின் தென்பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்தில் இயங்குகின்றது. மொழியைக் கணிப்பொறியால் ஆராயும் மையமொன்று குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உண்டு. தாம்பரத்திலுள்ள மாணவர் ஒருவர் முன்னர்ப் புறநகர்த் தொடர்வண்டி ஏறிச் சென்று கண்ட நூல்கள் பலவற்றை இன்று தம் அறையிலிருந்தே காணலாம். ஆயின், காண்பது வேறு. கண்டதைச் சான்றாகக் கொள்வது வேறு.

வலைப்பக்கத்தின் அமைப்பு

திரையில் ஒன்றாகத் தோன்றும் வலைப்பக்கம் உண்மையில் பல கூறுகளின் தொகுதி. அதன் மூலவரைவில் எழுத்துப் பகுதி குறிகளுக்கிடையே நேராக இடம்பெறும். படமோ அங்கு இராது. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். எனவே, மூலவரைவை மட்டும் சேமித்தவர் படத்தைச் சேமித்தவர் ஆகார். படத்தின் முகவரி பல பக்கங்களில் குறுக்கி எழுதப்பட்டிருக்கும். பக்கத்தின் முகவரியோடு அதனைச் சேர்த்து முழுமையாக்கிய பின்னரே படத்தைப் பெறுதல் கூடும். சில தளங்களில் அம்முகவரி சிறுபடத்தையே சுட்டும். படிக்கத்தக்க பெரும்படம் வேறிடத்தில் இருக்கும். வேறு சில பக்கங்களில் எழுத்துப் பகுதி, பக்கம் திறந்த பின் நிரலால் வருவிக்கப்படும். அங்கு மூலவரைவைத் தேடின் வெறுங்கூடே எஞ்சும். தளத்தின் தலைப்பு, பட்டியல், விளம்பரம் ஆகியன நூற்பகுதியோடு கலந்துவிடாமல் நீக்குதலும் வேண்டும். இவை நீக்கப்படாவிடின், சொல்லடைவில் நூலாசிரியர் வழங்காத சொற்கள் மிகுந்து தோன்றும்.

எழுத்துப் பகுதியின் சிக்கல்

1990-களிலும் 2000-ஐ அடுத்த ஆண்டுகளிலும் உருவான தமிழ்ப் பக்கங்கள் பல, தத்தமக்குரிய எழுத்துருக்களையும் குறியீட்டு முறைகளையும் கொண்டிருந்தன. திஸ்கி, டாப், டாம் என்பன அவற்றுட் சில. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கால் வரிசையையும் மாற்றல் வேண்டும். 'கொடை' என்னும் சொல்லைக் காண்போம். வடிவ வரிசையைப் பின்பற்றும் பழைய முறையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால், ஐகாரக்குறி, டகரம் என ஐந்து குறியீடுகள் நிற்கும். ஒருங்குறியில் ககரம், ஒகரக்குறி, டகரம், ஐகாரக்குறி என நான்கே நிற்கும். முன்னது எழுதும் முறையையும் பின்னது ஒலிக்கும் முறையையும் தழுவியன எனலாம்.

ஒருங்குறிக்குள்ளும் வேற்றுமை உண்டு. ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு வேறு. இவ்வேற்றுமையைச் சீர்மைப்படுத்தும் நெறி ஒருங்குறியிலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஔகாரத்தின் நிலை இதனினும் அரிது. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவோர் பலர். ளகரம் தனியெழுத்தாதலின் முற்கூறிய நெறி இதனைத் திருத்தாது. கொம்பை அடுத்த ளகரத்தையெல்லாம் ஔகாரக்குறியாக மாற்றுவோமாயின் 'தெளிவு' என்னும் சொல் சிதையும். ஆதலின் இத்திருத்தம் சொல்லறிவோடு செய்யற்பாலது.

படத்தினின்று பாடம்

நூற்பக்கத்தின் படத்தினின்று எழுத்தைப் பெற எழுத்துணரி என்னும் மென்பொருள் பயன்படுகின்றது. 2005-இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் அவற்றுள் ஒன்று. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூல்களில் ணை, லை, ளை, னை என்பனவும் ணா, றா, னா என்பனவும் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. புதிய வடிவங்களிலேயே பெரிதும் பயின்ற உணரி, இவ்விடங்களில் பிழைபடுதல் இயல்பு.

ஏனைய பிழைகள் சுவடி பயின்றார்க்குப் புதியன அல்ல. ஏட்டில் புள்ளி இடப்பெறாமையும், குறில் நெடில் கொம்புகள் வேறுபடாமையும், ரகரமும் காலும் ஒத்திருந்தமையும் பதிப்பாசிரியரை இடர்ப்படுத்தின. மங்கிய அச்சுப் பக்கத்தில் எழுத்துணரியும் இவ்விடங்களிலேயே தடுமாறுகின்றது. 'கரடு' என்பது 'காடு' ஆகும். 'தேன்' என்பது 'தென்' ஆகும். இவ்விரு திரிபுகளிலும் கிடைப்பது பொருளுடைய சொல்லே. ஆகவே, அகராதியோடு ஒப்பிட்டுப் பிழை காணும் முறை இங்குப் பயன்தாராது. படத்தோடு ஒப்பிடலே வழி.

பிழையின் அளவையும் கருதுதல் வேண்டும். நூறு எழுத்தில் தொண்ணூற்றெட்டு சரியாக அமைந்ததெனக் கொள்வோம். 1,500 எழுத்துடைய பக்கத்தில் 30 பிழைகள் நிற்கும். பிழைகள் ஒன்றையொன்று சாராது நிகழுமாயின், ஆறெழுத்துச் சொற்கள் நூற்றில் ஏறத்தாழ பதினொன்று பழுதுபடும். இத்தகைய தொகுப்பில் ஒரு சொல்லைத் தேடிக் காணாதவர், 'இச்சொல் இந்நூலில் வழங்கவில்லை' என முடிபு கூறுதல் தகுமா? தகாது. அச்சொல் நூலில் இருந்தும், பிழைபட்ட வடிவில் மறைந்திருத்தல் கூடும். சொல்வழக்கின் காலத்தை வரையறுக்கும் ஆய்வேடுகள் இத்தகைய இன்மைச் சான்றினையே பற்றி நிற்குமாயின், முடிபு முழுவதும் ஐயத்திற்கு உரியதாகும்.

கடைப்பிடிக்கத்தக்கன

படத்தையும் அதனினின்று பெற்ற பாடத்தையும் பிரியாது இணைத்து வைத்தல் வேண்டும். பக்க முகவரி, எடுத்த நாள், நூற்பதிப்பின் ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். எடுத்தவாறே உள்ள பாடத்தை மாற்றாது வைத்துத் திருத்தத்தை மற்றொரு படியில் செய்தல் வேண்டும். தொகுப்பின் சில பக்கங்களைக் குருட்டாம்போக்காகத் தெரிந்தெடுத்துப் படத்தோடு ஒப்பிட்டு, எவ்வெழுத்து எத்துணை முறை பிழைத்தது என்பதை ஆய்வேட்டில் வெளியிடல் வேண்டும்.

உரிமையும் கருதத்தக்கது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலின் உரிமை, அவர் மறைந்த ஆண்டினை அடுத்து 60 ஆண்டுகள் நிலவும். நாட்டுடைமையாக்கப்பெற்ற நூல்களை எடுத்தாளுதல் எளிது. எனினும் பிறர் பிற்காலத்தில் சேர்த்த முன்னுரைக்கும் குறிப்புரைக்கும் தனியுரிமை இருத்தல் கூடும். தளத்தினர் 'ரோபாட்ஸ்' கோப்பில் விதித்த வரையறையைப் போற்றி, இடைவிட்டு மெல்ல எடுத்தலே முறை. விரைந்து எடுப்பதால் தளம் முடங்குமாயின், அதனால் ஏனைய ஆய்வாளரும் இடர்ப்படுவர்.

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டே பாடம் துணிந்தார். கருவி மாறினும் அக்கடமை மாறவில்லை. எடுத்தல் நிரலின் தொழில். பாடம் துணிதல் ஆராய்ச்சியாளரின் தொழில். தமிழ்த் துறை மாணவர் பின்னதனை முன்னதற்கு விட்டுக்கொடுத்தலாகாது.