ஒரு வாளி நீரில் ஒரு தொழில்

அலசாமல் கார் கழுவும் முறை: நன்மைகளும் எல்லைகளும்

ரொறன்ரோ போன்ற பெருநகரங்களில் தொடர்மாடிக் கட்டடங்களில் வாழ்வோரின் கார்கள் பெரும்பாலும் நிலக்கீழ்த் தரிப்பிடங்களிலேயே நிற்கின்றன. அங்கே குழாய் பூட்டிக் கார் கழுவ நிர்வாகங்கள் பொதுவாக இடமளிப்பதில்லை. வாடிக்கையாளரின் இருப்பிடத்திற்கே சென்று கார்களைத் துப்புரவாக்கி மெருகூட்டும் ‘டீற்றெயிலிங்’ தொழிலைச் செய்ய விரும்புவோருக்கு இது முதல் தடையாகும். இத்தடையை நீக்குவதே ‘றின்ஸ்லெஸ் வோஷ்’ எனப்படும் அலசத் தேவையற்ற கழுவல் முறை.

கடை வாடகையோ பெரிய இயந்திரமோ இன்றித் தொடங்கக்கூடிய தொழில் என்பதால், சிறு முதலுடன் சொந்தக் காலில் நிற்க விரும்பும் எம்மவர்கள் இதனை அறிந்திருப்பது பயன் தரும். எனினும், இதனை வெறும் குறுக்குவழியாக எண்ணி இறங்குபவர், ஒரே காரில் பல மாத வருமானத்தையும் நற்பெயரையும் இழக்க நேரிடும்.

இது எவ்வாறு இயங்குகின்றது?

சாதாரண கார் சம்பூ அழுக்கைப் பிரித்தெடுக்கும். பின்னர் ஏராளமான நீரால் அதனை அலச வேண்டும். அலசாவிடின் படலமாகக் காய்ந்துவிடும். அலசத் தேவையற்ற திரவத்திலோ நுரை மிகக் குறைவு. அதிலுள்ள பொலிமர்கள் அழுக்குத் துகள்களைச் சூழ்ந்து வழுவழுப்பாக்கி, துணியோடு எழுந்து வரச் செய்கின்றன. எஞ்சும் ஈரத்தைத் துடைத்தாலே போதும். இவ்வகையில் பலரும் அறிந்தது, பொலிமர் வேதியியலாளரான டேவிட் கொடூசி உருவாக்கிய ‘ஒப்ரிமம் நோ றின்ஸ்’. ஏறத்தாழ 7.5 லீற்றர் நீருக்கு 30 மில்லிலீற்றர் திரவம் என்பது அதன் அளவு. 946 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 30 கார்களைக் கழுவலாம். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் துப்புரவு கிடைக்கும் என்பது தவறான எண்ணம். கண்ணாடியில் கோடுகள் படிவதே மிச்சம்.

மெல்லிய படலமும் கீறலும்

இன்றைய கார்களின் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற ஒரு காப்புப் படலம் உண்டு. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்றோன் வரையே. நாம் எழுதும் சாதாரண கடதாசியின் தடிப்பில் ஏறத்தாழ பாதி! மணல் துகள் ஒன்று துணிக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்பட்டால் இப்படலத்தில் கீறல் விழும். நிழலில் அது தெரியாது. வெயிலிலோ மின்விளக்கிலோ சிலந்தி வலை போல் வட்ட வட்டமாக மின்னும். மெருகூட்டி அதனை நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு மெருகூட்டலும் அப்படலத்திலிருந்தே சிறிதளவை உரித்தெடுக்கின்றது. எனவே கீறாமல் கழுவுவதே இத்தொழிலின் உயிர்.

செய்முறை

முதலில், கலந்த திரவத்தைக் கைப்பம்பியால் காரின் ஒரு பகுதியில் தெளித்து, ஓரிரு நிமிடங்கள் ஊறவிட வேண்டும். கார் குளிர்ந்தும் நிழலிலும் இருத்தல் அவசியம். திரவம் காய்ந்துவிடக் கூடாது.

எட்டு அல்லது பத்து மைக்றோபைபர் துணிகளை வாளியில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நான்காக மடித்துக் கொள்க. ஒரு துணியில் எட்டு முகங்கள் கிடைக்கும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, அழுத்தாமல், வட்டமிடாமல், நேர்கோட்டில் துடைக்க வேண்டும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்த முகம். முகங்கள் முடிந்தால் அடுத்த துணி. அழுக்கான துணியை எக்காரணம் கொண்டும் மீண்டும் வாளிக்குள் இடலாகாது. கதவுகளின் அடிப்பகுதிக்குத் தனித் துணியும், சில்லுகளுக்குத் தனி வாளியும் தேவை. துடைத்த பகுதியை உடனே மென்மையான உலர் துவாயால் ஒற்றியெடுக்க வேண்டும்.

எப்போது மறுக்க வேண்டும்?

இம்முறையைக் கைவிட வேண்டிய இடத்தை அறிந்தவரே தேர்ந்த தொழிலாளி. மெல்லிய தூசிக்கும் மழைக்கறைக்கும் இது மிகப் பொருத்தம். சேறு, ஒட்டிய மணல், குளிர்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு ஆகியன தடித்துப் படிந்திருக்கும் காரை ஒரு வாளி நீரால் துடைக்க முனைவது, அரத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய காரை முதலில் நாணயம் இட்டுக் கழுவும் நிலையம் ஒன்றில் அழுத்த நீரால் அலசிய பின்னரே கையால் தொடுதல் வேண்டும். “இன்று இதனை இவ்வாறு கழுவ முடியாது” என்று வாடிக்கையாளரிடம் கூறத் தயங்கக் கூடாது. மேலும், உறைநிலைக்குக் கீழான குளிரில் திரவம் பூச்சிலும் கதவு றப்பர்களிலும் உறைந்துவிடும். வெப்பமூட்டப்பட்ட தரிப்பிடமே அப்போது ஏற்ற இடம்.

நீரும் சட்டமும்

குழாய் பூட்டிக் கார் கழுவினால் சில நூறு லீற்றர் நீர் வீணாகலாம். ரொறன்ரோவில் வீதியோர மழைநீர் வடிகால்களில் விழுவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரியைச் சேர்கின்றது. இந்நகர மக்கள் குடிப்பதும் அதே ஏரியின் நீரையே. 2014 இல் வரட்சியின்போது, அடைப்பு முனை இல்லாத குழாயால் கார் கழுவுவதைக் கலிபோர்னியா தடை செய்தது. 2018 இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரம், மாநகரக் குடிநீரால் வாகனம் கழுவுவதையே தடை செய்து, நீரின்றித் துப்புரவாக்கும் திரவங்களை அனுமதித்தது. ஜேர்மனியிலும் வீட்டு முற்றத்தில் கார் கழுவப் பல நகரங்கள் இடமளிப்பதில்லை. ஆயினும், வாளியில் எஞ்சும் அழுக்கு நீரை வடிகாலில் ஊற்றினால் இம்முறையின் நன்மை கெட்டுவிடும். அதனைக் கழிவறையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஊற்றுவதே முறை.

தொழிலாகச் செய்வோருக்கு

வேலை தொடங்கு முன் கட்டட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுக. பிறர் வாகனத்திற்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் காப்புறுதியை எடுத்துக் கொள்க. வாடிக்கையாளர் முன்னிலையில் விளக்கொளியில் காரைச் சுற்றிப் பார்த்து, ஏற்கனவே உள்ள கீறல்களைப் படமெடுத்துக் குறித்து, அவரது கையொப்பத்தையும் பெறுக. பின்னர் எழும் பிணக்குகளில் அத்தாளே உங்களுக்குச் சாட்சி. துணிகளை மற்றைய உடுப்புகளோடு சேர்க்காமல், மென்மையூட்டும் திரவம் இடாமல், குறைந்த சூட்டில் துவைத்து உலர்த்துக. நிலத்தில் விழுந்த துணியை அன்று மீண்டும் காரில் வைக்க வேண்டாம்.

நுரையையும் பாயும் நீரையும் காணாத வாடிக்கையாளர் முதலில் ஐயுறுவது இயல்பு. அவருக்கு விளக்கம் சொல்வதிலும் பார்க்க, பொனற்றின் ஒரு பாதியை மட்டும் துடைத்துக் காட்டுவது மேல். அடுத்த மாதம் அவர் மீண்டும் அழைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது, வெயில் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்குக் கீறல் ஒன்று படுகின்றதா இல்லையா என்பதே.