பள்ளிக்கூடம் போட்ட பிறந்த தேதி

பிள்ளையைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது என்றதும் பெற்றோர் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கும் முன்னால் தேட வேண்டியது பீரோவில் கிடக்கும் வயதுச் சான்றிதழை. பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பானா, பெரியவர்களோடு சிறைக்குப் போவானா என்பது குற்றம் நடந்த அன்று அவனுக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது.

அந்த வயதைக் கண்டறிய 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை; அதில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும்.

என்னை உறுத்துவது முதலிடத்தில் இருக்கும் பள்ளிப் பதிவுதான். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு மே மாதத் தேதியைப் போட்டு, ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று கூட்டிப் போட்ட பத்து மாதம் பதினேழு வயதுப் பையனைப் பதினெட்டாக்கிவிடும். பதினைந்தைப் பதினாறாக்கினாலும் ஆபத்துதான். குறைந்தது ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றமென்றால், பதினாறு நிரம்பியவனைப் பெரியவனைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியும். நிரம்பாதவனுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம்.

வழக்கு வந்தபின் புதிதாகப் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் உண்டு, அதனால்தான் பள்ளிப் பதிவுக்கு முன்னுரிமை என்பார்கள். இருக்கட்டும். பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் மருத்துவமனை வழியாகப் பதிவான தேதியில் என்ன மோசடி இருக்க முடியும்? அதை எதற்குப் பின்னால் தள்ள வேண்டும்?

சட்டம் மாறும்வரை பெற்றோர்தான் விழித்திருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து, குடும்பம், படிப்பு, சேர்க்கை எல்லாம் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். அவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். காவல் நிலையத்தில் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். சான்றிதழ் இரண்டையும் எடுத்துப் போங்கள். தேதி வேறுபட்டால் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்.

தண்டனை உறுதியான பிறகும் வயதுக் கேள்வியை எழுப்ப 9-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால், பல ஆண்டு சிறையில் கழித்த பிறகே சம்பவத்தன்று தாங்கள் சிறார் என்று நிரூபிக்க முடிந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.