வாசகசாலைச் சுவரில் ஒரு மல்லர்

சங்க மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டார். விளையாட்டு உடலையும் ஒழுக்கத்தையும் ஒருசேர வளர்க்கும் என்று தொடங்கி நாலு பக்கம் எழுதுவது ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்குப் பழகிப்போன வேலைதான். இந்தத் தடவை பேனா ஓடவில்லை. பாறசாலையில் எங்கள் வாசகசாலைச் சுவரில் பதின்மூன்று வருஷம் தொங்கிய ஒரு படம்தான் காரணம். இம்மலரை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தப் படத்துக்குக் கீழே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். அதனால் அதன் கதையையே எழுதிவிடுகிறேன்.

நம் எல்லையோர ஊர்களின் நிலைமை வெளியாட்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளைச் சந்தைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்துகொண்டு, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற பிள்ளைகள் நாம். பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்கள் 'சே' பரீட்சை எழுதுவார்கள். அவர்களுக்கு நான் சாயங்காலம் வாசகசாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தேன். கணக்கைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. தோற்ற பிள்ளை பெஞ்சில் வந்து உட்காரவே கூசும்.

2008 ஆகஸ்டு 20-இல் பெய்ஜிங்கில் நடந்த ஒரு போட்டி எனக்குக் கைகொடுத்தது. தில்லிக்குப் பக்கத்து பாப்ரோலா கிராமத்தைச் சேர்ந்த சுஷில் குமார் 66 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் தமது முதல் போட்டியிலேயே உக்ரைனின் ஸ்டாட்னிக்கிடம் தோற்றார். மல்யுத்தத்தில் 'ரெப்பசாஜ்' என்று ஒரு விதி உண்டு. உங்களை வென்றவர் இறுதிப் போட்டிவரை போனால், வலுவான ஆளிடம்தான் தோற்றீர்கள் என்று கருதி உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஸ்டாட்னிக் இறுதிக்குப் போனார். சுஷிலைக் கூப்பிட்டார்கள். அமெரிக்கர், பெலாரஸ்காரர், கஜகஸ்தான்காரர் என்று மூன்று பேரை அடுத்தடுத்து வீழ்த்தி வெண்கலம் வாங்கினார். 1952-இல் ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினேன். "மக்களே, சே பரீட்சைன்னா ரெப்பசாஜ். வெக்கப்படாதீங்க" என்பேன். 2010-இல் அவர் உலக சாம்பியன் ஆனார். 2012 லண்டனில் வெள்ளி வாங்கினார். கதைக்கு மெருகு ஏறிக்கொண்டே போனது. லண்டன் அரையிறுதியில் எதிராளியின் காதைக் கடித்தார் என்று ஒரு புகார் எழுந்தது. அவர் மறுத்தார். ஒரு பையன் அதைக் கேட்டபோது, "பொறாமையில சொல்லுதானுவ" என்று வாயை அடைத்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும், நான் பார்த்தேனா? விசாரிக்கக்கூட மனம் வரவில்லை.

2021 மே 4 இரவு தில்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் இளம் மல்லர்கள் சிலர் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள். அவர்களில் சாகர் தன்கர் மறுநாள் இறந்தார். தேசிய அளவில் ஜூனியர் சாம்பியனாக இருந்தவர். வயது 23. தாக்குதலில் சுஷிலும் இருந்தார் என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. அவர் தலைமறைவானார். துப்புக் கொடுப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்துத் தேடினார்கள். மே 23-இல் கைதானார். அவர் குற்றத்தை மறுக்கிறார். 2022 அக்டோபரில் கொலைக் குற்றச்சாட்டு முறைப்படி பதிவாகி விசாரணை தொடங்கியது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சாகரின் தந்தை மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது.

கொரோனா அடைப்பு நீங்கி வாசகசாலை திறந்ததும் கமிட்டி கூடியது. படத்தை என்ன செய்வது? தீர்ப்பு வரட்டும், அதுவரை இருக்கட்டும் என்றார்கள் சிலர். சட்டப்படி நியாயமான பேச்சு. ஷார்ஜாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் விஷயம் கேள்விப்பட்டு போன் பண்ணினான். "எடுக்காதீங்க சாரே. அந்தக் கதை இல்லேன்னா நான் ரெண்டாவது தடவ எழுதியே இருக்க மாட்டேன்." அவன் சொன்னதும் உண்மைதான். நடந்த போட்டியை நடக்காததாக ஆக்க முடியாது. அன்று அந்த மூன்று பேரும் வீழ்ந்தது வீழ்ந்ததுதான்.

எங்கள் கமிட்டியில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் உண்டு, அதிகம் பேசமாட்டார். அவர் கேட்டார்: "செத்த பிள்ளைக்க பேரு என்ன சாரே?"

எனக்கு வாயில் வரவில்லை. ஸ்டாட்னிக் பெயர் நினைவிருந்தது. கஜகஸ்தான்காரர் பெயர்கூட நினைவிருந்தது. செய்தியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் "ஐயோ, சுஷிலுக்கு இப்படி ஆகிவிட்டதே" என்றுதான் படித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இது என் ஒருவனுடைய கோளாறு அல்ல என்று பிறகு தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லாமல், 2012 ஒலிம்பிக்கில் ஓடியவர். 2013 பிப்ரவரி 14-இல் பூட்டிய கதவின் வழியே சுட்டு ரீவா ஸ்டீன்காம்பைக் கொன்றார். கொலை என்று 2015-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பாகி, 2017-இல் தண்டனை 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது. 2024 ஜனவரியில் பரோலில் வந்தார். அங்கே தீர்ப்பு வந்துவிட்டது, சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படியும் உலகம் 'பிஸ்டோரியஸ் வழக்கு' என்றுதான் பேசியது. மாய்ந்து மாய்ந்து அலசியது அவருடைய வீழ்ச்சியைத்தான். புகழ்பெற்றவர் செய்த கொடுமையிலும் கதாநாயகர் அவரே ஆகிவிடுகிறார். இறந்தவர் அந்தக் கதையில் ஒரு சம்பவம், அவ்வளவே.

கலைஞர்களைப் பற்றி இப்படிப் பேச்சு வரும்போது, படைப்பை வேறாகவும் ஆளை வேறாகவும் பார்க்கச் சொல்வார்கள். கவிதை காகிதத்தில் தனியாக நிற்கும். மல்லருக்கு அப்படி எது உண்டு? அவருடைய பிடியும் பலமும் அவர் உடம்பிலேயே இருக்கின்றன. எந்தக் கையை நான் பிள்ளைகளுக்குக் காட்டினேனோ, அந்தக் கையைப் பற்றித்தான் வழக்கு. இன்னொன்று, சாகரும் அதே சத்ரசாலில் பயிற்சி எடுத்தவர். என் மாணவர்கள் பாறசாலையில் அண்ணாந்து பார்த்த ஆளை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

பதக்கத்தை ரசித்ததில் நான் தப்புச் செய்ததாக இன்றும் நினைக்கவில்லை. அதை நற்சாட்சிப் பத்திரமாக நீட்டியதுதான் தப்பு. விடாமுயற்சி உள்ளவர் நல்லவராகவும் இருப்பார் என்று நானாக ஒரு வரியைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ரெப்பசாஜ் விதியில் அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய குணத்தைப் பற்றி எனக்கு என்றுமே ஒன்றும் தெரியாது.

படத்தை நானே ஆணியிலிருந்து எடுத்தேன். கிழிக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடுகளோடு அலமாரியில் வைத்தேன். சுவரில் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது, வேறு படம் மாட்டவில்லை. ஷார்ஜாக்காரனுக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான்.

இந்த வருஷமும் சே பரீட்சைக்கு ஆறு பேர் வந்தார்கள். ரெப்பசாஜ் கதையைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பெண் குழந்தை புத்தகத்தையே திறக்காமல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள், சொல்லிவிட்டேன். பெயர் மட்டும் சொல்லவில்லை. "அந்த ஆளு இப்ப எங்க சாரே?" என்று கேட்டாள். சுஷில் குமார் என்றேன். பிறகு சாகர் தன்கர் என்ற பெயரையும் சொல்லி, நடந்ததை, வழக்கு முடியவில்லை என்பது வரை, தெரிந்த மட்டும் சொன்னேன். அன்று கணக்கு நடக்கவில்லை. இஞ்சிவிளைப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு பஸ்ஸும் தவறிவிட்டது. ரோடு வரை நானும் கூட நடந்துபோய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தேன்.