உழைத்துக்கொண்டே கற்றல்: நிறுவனத் துணையும் ஏழை மாணவரும்

வறுமையால் கல்வியை இடையில் கைவிடும் மாணவருக்கு உதவ வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, உபகாரச் சம்பளம் போன்ற பொருளுதவி. மற்றொன்று, மாணவனே ஓரளவு உழைத்துத் தன் கல்விச் செலவை ஈட்டிக்கொள்வது. இவ்விரண்டாம் முறையில் ஒரு நிறுவனம் வேலை தருகிறது. பள்ளி கல்வி தருகிறது. வேலைக்குரிய ஊதியம் கல்விக்குப் பயன்படுகிறது.

கேட்பதற்கு இனிமையான இம்முறை சில இடங்களில் ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக் கழகம் வரை கொண்டு சென்றிருக்கிறது. வேறு சில இடங்களில் மலிவான கூலியாட்களைச் சேர்க்கும் வலையாகவும் மாறியிருக்கிறது. இவற்றிடையே உள்ள வேறுபாடு யாது என்பதை அறிந்துகொள்வது, கேமரன் மலையின் கம்போங் ராஜா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழும் நம் பெற்றோருக்குப் பெரிதும் பயன்படும்.

தோட்டமும் பள்ளியும்

நிறுவனம் கல்விக்குப் பொறுப்பேற்பது நமக்குப் புதியதன்று. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. அந்நாளில் 7 முதல் 14 வரையே பள்ளி வயதாகக் கொள்ளப்பட்டது. கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் 1929இல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

சட்டத்தால் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல இடங்களில் அவை பெயரளவிலேயே நடந்தன. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்ததும் உண்டு. பிள்ளைகள் சிறிது நேரம் படித்துவிட்டு எஞ்சிய நேரத்தில் சில்லறை வேலைகளுக்குச் சென்றனர். பள்ளியை நடத்திய அதே நிர்வாகத்துக்குப் பிள்ளைகளின் கைகளும் தேவைப்பட்டன. ஒருவனே கல்விக்குக் கொடையாளியாகவும் கூலிக்கு ஆள் தேடுபவனாகவும் இருக்கும்போது, தராசு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிகாகோவில் கண்ட வழி

இம்முறையைச் செம்மையாக நடத்திக் காட்டியது அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்கு மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் வாழும் பில்சன் பகுதியில், இயேசு சபைத் துறவிகள் 1996இல் 'கிறிஸ்தோ ரே' என்னும் உயர்நிலைப் பள்ளியை நிறுவினர். பள்ளியை நடத்தப் பணம் வேண்டும். பெற்றோரிடமோ பணம் இல்லை. ஆதலின் வங்கிகளையும் வழக்கறிஞர் அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் நாடி, மாணவருக்கு வேலை கேட்டனர்.

ஏற்பாடு எளிமையானது. நான்கு மாணவர் சேர்ந்து ஒரே எழுத்தர் வேலையை ஏற்பர். ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் வேலைக்குச் செல்வர். எஞ்சும் ஐந்தாம் நாள் அவர்களிடையே முறை மாறி வரும். ஆக, ஒருவருக்கு மாதத்தில் ஐந்து நாள் வேலை. மற்ற நாள்களில் படிப்பு. நிறுவனத்துக்கோ பள்ளி ஆண்டு முழுவதும் அந்த இடத்தில் ஆள் உண்டு. நிறுவனம் ஊதியத்தைப் பள்ளிக்குச் செலுத்துகிறது. கல்விச் செலவின் பெரும் பகுதி அதனால் நிறைகிறது.

இதில் உற்று நோக்க வேண்டியவை சில உள. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வது மாணவனன்று, பள்ளியே. வேலைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டு வருவதும் பள்ளியின் பொறுப்பு. வேலையில் சேருமுன் அலுவலகப் பழக்கங்களில் பயிற்சி உண்டு. வேலைக்குச் செல்லும் நாளில் பாடங்கள் தவறாதபடி கால அட்டவணை வகுக்கப்படுகிறது. எல்லாவற்றினும் மேலாக, மாணவன் காணும் வேலை அவன் பெற்றோர் செய்யும் வேலை அன்று. தாய் தந்தையர் கால் வைக்காத அலுவலகத்தில் அவன் அமர்கிறான். படித்தவர் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை நேரில் காண்கிறான். இன்று இம்முறையைப் பின்பற்றும் பள்ளிகள் அமெரிக்காவில் முப்பதுக்கும் மேல்.

தமிழகம் தந்த பாடங்கள்

பெற்றோர் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று திட்டம் வகுத்தார். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது நோக்கம். மக்களோ அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்து எதிர்த்தனர். காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. உழைப்பின் மீது மக்களுக்கு வெறுப்பு இல்லை; நாவிதர் மகன் நாவிதனாகவே நிற்க வேண்டுமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' மற்றொரு பாடம். ஏழைக் குடும்பத்து இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு வேலை வாங்கி, இறுதியில் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். ஊதியத்தின் ஒரு பகுதியை இறுதிவரை நிறுத்தி வைத்ததால், உடல் நலிந்து இடையில் வெளியேறிய பலர் வெறுங்கையுடன் வீடு திரும்பினர்.

இவற்றுக்கு மாறாக, ஸோஹோ மென்பொருள் நிறுவனம் தொடங்கிய பள்ளியைக் கூறலாம். பள்ளி இறுதி வகுப்பு முடித்தவரைச் சேர்த்து, கட்டணம் பெறாமல், மாதந்தோறும் உதவித் தொகை அளித்துப் பயிற்றுவிக்கிறது. தென்காசிப் பகுதியிலும் அது நடைபெறுகிறது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையர் வேலைச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2019இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி 15 முதல் 18 வயதுக்குட்பட்டோர் இளையர் ஆவர். பள்ளியில் பயிலும் இளையருக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து நாளொன்றுக்கு 8 மணியைத் தாண்டலாகாது. ஆகவே பள்ளி நாளில் மாலை வேலைக்கு மிகச் சிறிது நேரமே எஞ்சும். இங்கு இம்முறையை நடத்துவதாயின் வார இறுதியும் விடுமுறையுமே ஏற்றவை. பள்ளி முடித்தவருக்கோ 2005 முதல் தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு தொழிலிடத்திலும், எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் நடைபெறும்.

கம்போங் ராஜாவில்

நம் அரசாங்கப் பள்ளிகளில் படிப்புக்கெனக் கட்டணம் இல்லை. ஆகவே சிகாகோவின் தேவை வேறு; நம் தேவை வேறு. இங்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுப்பது கட்டணமன்று. வீட்டுக்கு வேண்டிய இன்னொரு வருமானம். ஐந்தாம் படிவத்தை எட்டுமுன்னரே காய்கறித் தோட்டத்திலோ மலர்ப் பண்ணையிலோ நாட்கூலி கிடைக்குமாயின், வறிய குடும்பம் அதனை எளிதில் மறுக்க முடியாது. அக்கூலிக்கு ஈடான ஊதியத்தைத் தந்து, படிப்பையும் காக்கும் வேலையே நமக்கு வேண்டுவது.

அத்தகைய வேலை மலையிலேயே உண்டு. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்னும் படிகளில் வேதியியலும் இயந்திர நுட்பமும் அடங்கியுள்ளன. கணக்கும் ஏற்றுமதியும் சுற்றுலாவும் உண்டு. அவற்றில் மாணவனை அமர்த்தினால் அது கல்வி. கொழுந்து பறிக்க அனுப்பினால் அது வேறொரு பெயரில் வந்த குலத்தொழில்.

ஆகவே எந்த நிறுவனம் இத்தகைய திட்டத்துடன் வந்தாலும், பெற்றோர் நான்கு கேள்விகளைத் தயங்காது கேட்கவேண்டும். ஊதியம் மாதந்தோறும் கிடைக்குமா? ஒப்பந்தத்துக்குப் பொறுப்பு பள்ளியா? இடையில் விலகினால் ஈட்டியது இழக்கப்படுமா? இவ்வேலையில் பிள்ளை கற்பது என்ன? நான்காவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில், மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை.