கணினி காணாத வரைகலை அட்டை

பழைய மேசைக் கணினியொன்றிற் பொருத்திய வரைகலை அட்டையை அக்கணினி கண்டுகொள்ளாதாயின், அட்டை பழுதுற்றதெனப் பலர் உடனே துணிவர். நல்ல அட்டைகள் பல வீணே கழிக்கப்படுதற்கு இத்துணிபே காரணமாகும். அட்டை மின்பெறுதல், தொடக்க நிரலாகிய பயோஸ் அதனைக் காணுதல், இயக்கி மென்பொருள் அதனை ஆளுதல் என அறிதல் மூன்று படியினது. தடை எப்படியில் நேர்ந்ததென ஆராய்தலே முறையாகும்.

முதலாவது மின். மின்தொடுப்பை அகற்றிய பின்னரே கணினியைத் திறத்தல் வேண்டும். அட்டையைக் கழற்றி, தூசு நீக்கி, மீண்டும் முற்றாகப் பதியுமாறு பொருத்துக. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பொருத்துவாய் 75 வாற்று வரையே வழங்கவல்லது. அதனின் மிக வேண்டும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து 6 அல்லது 8 முனைக் கம்பியும் தனியே இணைக்கப்படல் வேண்டும். விசிறி சுழல்வது ஒன்றே போதிய சான்றன்று.

இரண்டாவது தொடக்க நிரல். திரையின் கம்பி தாய்ப்பலகையிலன்றி அட்டையிற் செருகப்பட்டுளதா எனவும், பயோஸ் அமைப்பில் முதன்மைக் காட்சியாக அட்டை தெரியப்பட்டுளதா எனவும் நோக்குக. யு.இ.எவ்.ஐ. முறைக்கென்றே ஆக்கப்பட்ட புதிய அட்டை, பழைய பயோஸ் பலகையில் தொடக்கக் காட்சியைத் தராது. பலகையை ஆக்கியோர் வெளியிட்ட பயோஸ் திருத்தம் சிலவேளை உதவும்.

மூன்றாவது மென்பொருள். விண்டோஸின் சாதன மேலாளரில் அட்டை மஞ்சட் குறியுடன் தோன்றின், கணினி அதனைக் கண்டுவிட்டது. பெரும்பாலும் இயக்கி மென்பொருளையே திருத்துதல் வேண்டும்.

இவற்றாற் பயனின்றேல், அட்டையைப் பிறிதொரு கணினியிற் பொருத்திப் பார்க்க. ஆங்கு அஃது இயங்குமாயின் குற்றம் அட்டையினதன்று. அச்சோதனைக்கு முன்னர் அட்டையைக் கழித்தல் ஆராயாது தீர்ப்பளித்தலாகும்.