நடையில் நிதானம்

லுக்மானுல் ஹகீம் அவர்கள் தம் அருமை மகனுக்குக் கூறிய உபதேசங்களைத் திருக்குர்ஆனின் 31-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இறைவனுக்கு இணை வையாமை, தொழுகை, பொறுமை ஆகிய பெரும் பொருள்களைச் சொல்லி வந்த அந்தத் தந்தை, மகன் தெருவில் நடக்கும் நடையைப் பற்றியும் பேசுகிறார். செருக்குடன் நடத்தல் ஆகாது; நடையில் நடுத்தரம் பேண வேண்டும் என்பது அவ்வுபதேசத்தின் கருத்து. சோம்பித் தளர்ந்த நடையும் வேண்டாம், வரம்பு மீறிய விரைவும் வேண்டாம் என்று விரிவுரையாளர் இப்னு கஸீர் இதற்கு விளக்கம் தருகிறார். யூனானி வைத்தியரையும் நம் ஊர்களில் ஹகீம் என்றே அழைக்கிறோம். ஞானியின் சொல் இங்கே வைத்தியரின் சொல்லாகவும் அமைந்துவிட்டது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடை எப்படி இருந்தது? அதை அலீ (ரலி) அவர்கள் வர்ணித்ததை இமாம் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்கி வருபவரைப் போல, சற்றே முன்சாய்ந்து, உறுதியுடன் நடப்பார்களாம். பாதத்தை இழுத்து நடக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தூக்கி வைத்தே நடந்தார்கள். அதே நாயகம்தான் இகாமத் ஒலி கேட்டாலும் தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள் என்று தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஹவுளின் ஈரப் படிகளில் விரைந்து ஏறி வழுக்கி விழுந்த முதியவர்களைக் கண்டவர்களுக்கு, இக்கட்டளையின் அருமை நன்கு விளங்கும்.

பாதத்தைத் தூக்கி வைப்பது எளிய செயலாகத் தோன்றலாம். மூளை ஆணையிட, தண்டுவடமும் நரம்புகளும் அதைக் கொண்டு செல்ல, தசைகள் இயங்க, கண்ணும் உட்செவியும் சமநிலை காக்க, இதயமும் நுரையீரலும் ஈடுகொடுத்தால்தான் ஓர் அடி ஒழுங்காக விழும். இவற்றுள் எது தளர்ந்தாலும் நடை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். 65 வயதைக் கடந்த 34,485 பேரைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளை ஒன்று சேர்த்து அமெரிக்க மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவு, இயல்பான நடை வேகம் மிகுந்தவர்கள் பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்பதாகும். வலிந்து ஓடினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளன்று. உள்ளுறுப்புகளின் நலம் நடையில் வெளிப்படுகிறது, அவ்வளவே. வீட்டுக் கூடத்தில் நான்கு மீட்டர் அளந்து பெரியவரை இயல்பாக நடக்கச் சொல்லுங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஆகுமானால், மருத்துவரிடம் அதைச் சொல்வது நல்லது.

நடையைக் கொண்டே நோயை அறிந்தவருள் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் குறிப்பிடத் தக்கவர். நடுக்குவாதம் பற்றி 1817-இல் அவர் எழுதிய நூலுக்கு ஆதாரமானோர் ஆறு பேர் மட்டுமே. அவர்களிலும் சிலர் அவர் தெருவில் தற்செயலாகக் கண்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. முன்குனிந்த உடலும், அடி குறுகி, தம்மையறியாமலே ஓட்டமாக மாறும் நடையும் அவர் கண்ணில் பட்டன. இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தெருவில் போன அந்நியரை ஒரு மருத்துவர் அவ்வளவு கூர்ந்து பார்த்தார். நாமோ, நம் வாப்பாவின் செருப்பு தரையில் உரசும் ஓசையை மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தும், வயதாகிவிட்டது என்ற ஒரே சொல்லில் கடந்து போகிறோம். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி கண்டு, நின்றால் அது தணியுமானால், காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கக் கூடும். திடீரென ஒரு பக்கக் கால் இழுபட்டு, பேச்சும் குழறினால் அது பக்கவாதத்தின் அறிகுறி. ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் நிலை வேறு. நரம்பு தளர்ந்து பாதம் உணர்விழந்தவர், ஜும்ஆ நேரத்தில் பள்ளியின் வெயில் காய்ந்த முற்றத்தைக் கடந்தாலும் சூடு அறியமாட்டார். இரவில் உம்மா விளக்கொளியில் பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும். சிறு புண்ணே காலை இழக்கும் அளவுக்கு முற்றிவிடுவதும் உண்டு. புனித மக்காவிலும் இதே ஆபத்து உண்டு. இஹ்ராம் உடுத்திய ஆண்களும் கணுக்காலை மூடாத செருப்பு அணியலாம். வெறுங்காலோடு வீதியில் நடக்க மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை நடப்பது மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ப்பவர் நடையையும் சில மாதங்கள் முன்பிருந்தே பழகிக்கொள்வது நலம்.

மதீனாவில் பனூ ஸலிமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளியின் அருகே குடிபெயர அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். இன்று பத்து நிமிடத் தொலைவிலுள்ள பள்ளிக்கும், நடக்க வல்ல தந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வதைப் பெரும் பணிவிடையாக நாம் கருதுகிறோம். ஐவேளையும் அவர் நடந்து போய் வந்தால் நாளொன்றுக்கு 100 நிமிட நடை ஆகும். உலக சுகாதார நிறுவனம் வாரம் முழுவதற்கும் கேட்பதோ, மிதமான உடலுழைப்பு குறைந்தது 150 நிமிடங்கள்தான். முற்றும் இயலாதவரை ஏற்றிச் செல்லத்தான் வேண்டும். மற்றவரை, லுஹருக்கு வண்டியில் கொண்டு விட்டாலும், வெயில் தாழ்ந்த மஃரிபுக்குப் பிறகு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவர் வேகத்துக்கு நம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உடன் நடந்தே அழைத்து வரலாம்.