பெயர் ஒருவருடையது, ஊர் பலருடையது



காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்டதும் யாருடைய காலடி என்று கேட்கத் தோன்றுகிறது. உண்மையில் இப்பெயரில் காலடி ஏதுமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரில் அமைந்த 'காலெட் பேட்டை'யே மக்களின் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

1708-இல் நவாப் தாவூத்கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒன்று. அக்காலத்தில் கம்பெனியின் செல்வம் துணி. சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் வெள்ளைத் துணியும் வண்ணச் சித்திரத் துணியும் சென்றன. நெசவாளர் அருகில் இருந்தால்தான் சரக்கு தடையின்றிக் கிடைக்கும். ஆகவே திருவொற்றியூருக்குத் தென்புறம் நெசவாளரையும் துணிக்குச் சாயமிட்டுச் சித்திரம் தீட்டுவோரையும் குடியமர்த்தினார் காலெட். தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு வீடுகளே இருந்தன.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் காலெட்டின் காலத்தது. அவரிடம் பணிபுரிந்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரம் வரதராஜரை வழிபட்டு வந்ததால் வேலைக்குத் தாமதமானார் என்றும், அவருடைய பக்தியைச் சோதித்தறிந்த ஆளுநர் இங்கேயே கோயில் எழுப்பினார் என்றும் கோயில் மரபு கூறுகிறது. பிற சமயத்தவரின் பக்தியை மதித்த ஓர் அதிகாரியாக அவரை இவ்வூர் நினைவில் வைத்திருக்கிறது.

காலெட் 1720-இல் தாய்நாடு திரும்பிவிட்டார். தறியில் அமர்ந்தவர்களோ இங்கேயே வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூரைச் சுற்றித் தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள் எழுந்தன. தறியின் ஓசை இருந்த பகுதியில் ஆலைச் சங்கு ஒலித்தது. ஷிப்டு முடிந்து சோர்வோடு வீடு திரும்புவோரின் ஊராயிற்று இது. 2011-இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தபோது, நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் 'காலடிப்பேட்டை' என்றே எழுதினார்கள்.

ஆளுநரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. முதலில் குடியேறிய நெசவாளர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆயினும் அந்த ஆளுநரின் பெயரையே தங்கள் மொழிக்கேற்ப மாற்றி, தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் இந்த உழைக்கும் மக்களே. ஊரை நிறுவியவர் மூன்றாண்டுகள் ஆட்சி செய்தார். அதை மூன்று நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்பது உழைப்போரின் கரங்கள். நம் தெருவில் அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் மனிதரைக் காணும்போது இதை எண்ணிப் பார்ப்போம். அவரும் நம் ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார்.